மணி பார்த்துச் சாப்பிடுங்கள்: மதுரைக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு

மதுரைக்கு நான் முதன்முதலில் சாப்பிட வந்தபோது மணி மூன்றரை. சட்டைப் பையில் நண்பர் எழுதிக் கொடுத்த பட்டியல் இருந்தது: கறி தோசை, அயிரை மீன் குழம்பு, கோலா உருண்டை, பருத்திப்பால், ஜிகர்தண்டா. முதலில் இருந்த மெஸ்ஸுக்குள் நுழைந்தேன். ஒரு பெரியவர் பெஞ்சில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு முடிஞ்சிருச்சே தம்பி. கறி தோசையா? அதுக்கு ராத்திரி வாங்க."

"அயிரை மீன்?"

"அது மத்தியானத்தோட சரி."

அன்று ஒரு டீயும் ரெண்டு வடையும்தான் என் மதுரை விருந்து. வடை நன்றாகவே இருந்தது, அது வேறு விஷயம்.

நண்பர் கொடுத்த பட்டியலில் கடைப் பெயர், தெருப் பெயர் எல்லாம் சரியாக இருந்தது. மணியை மட்டும் அவர் எழுதவில்லை. உள்ளூர்க்காரருக்கு அதை எழுதவேண்டும் என்றே தோன்றாது. பரோட்டாவுக்குக் காலையில் யார் போவார்கள்? தூங்கா நகரம் என்ற பெயரைக் கேட்டு, எந்நேரமும் எல்லாம் கிடைக்கும் என்று வெளியூர்க்காரர்தான் நினைத்துக்கொள்கிறார். இங்கே ஒரு அடுப்பு அணையும்போது இன்னொரு அடுப்பு பற்றும், அவ்வளவுதான். எந்த அடுப்பு எப்போது எரிகிறது என்று தெரிந்துவிட்டால், பாதி ஊரைச் சாப்பிட்ட மாதிரி.

கிழமையிலிருந்து தொடங்குங்கள்

டிக்கெட் போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது இது. கறி சாப்பிடுகிறவர் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையில் இருக்கிற மாதிரி வாருங்கள். ஊரே கறி எடுக்கிற நாள், சட்டியில் எதுவும் தங்காது. கூட்டமும் அப்படித்தான் இருக்கும். செவ்வாய், வெள்ளி, அமாவாசையில் பல வீடுகளில் கறி கிடையாது, கடைகளிலும் வகை குறையும். புரட்டாசியிலும், ஐயப்பனுக்கு மாலை போடுகிற கார்த்திகையிலும் மெஸ்காரர்களே கொஞ்சம் சோர்ந்துதான் இருப்பார்கள். ரம்ஜான் நோன்பு மாதத்தில் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளில் பகல் வியாபாரம் சுருங்கி இரவு நீளும். தீபாவளி, பொங்கலை ஒட்டி இரண்டு மூன்று நாட்கள் சின்னக் கடைகள் பூட்டிக் கிடக்கும்; மாஸ்டர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

சித்திரைத் திருவிழா தனிக் கணக்கு. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் கடை தேடி நடப்பது நடக்காத காரியம். சாப்பாட்டுக்காக மட்டும் வருகிறவர் அந்த வாரத்தை விட்டுவிடலாம். திருவிழாவுக்கு வருகிறவர் சாப்பாட்டைப் பற்றிக் கவலையே படவேண்டாம்; வீதிக்கு வீதி பந்தல் போட்டு நீர்மோர், பானகம் என்று யாராவது எதையாவது கையில் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

விடிந்ததும்

காலையில் நேரே ஓட்டலுக்குப் போகாமல் முதலில் சந்தைக்குப் போவது என் வழக்கம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது மதுரை அண்ணா நகரில்தான். ஆறரை மணிக்கு அங்கே ஒரு சுற்று வந்தால், எந்தக் கீரை குவிந்திருக்கிறது, எந்தக் காய் மலிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். மத்தியானம் உங்கள் இலையில் விழப்போகிற பொரியலும் கூட்டும் அநேகமாக அதுதான்.

ஏழு மணிக்கு மேல் இட்லி. மதுரையில் இட்லிக்கு ஊற்றுகிற தண்ணிச் சட்னியைப் பார்த்து, கடைக்காரர் கஞ்சத்தனமாகத் தண்ணீர் கலந்துவிட்டார் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பதுண்டு. அது அப்படித்தான் இருக்கவேண்டும். பச்சை மிளகாய்க் காரத்தோடு ரசம் மாதிரி ஓடும். இட்லி அதில் ஊறி, விரலால் தொட்டதும் உடையவேண்டும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் குடல் குழம்பு வைத்திருக்கிற கடையாகக் கேட்டுப் போகலாம். காலையிலேயே குடலா என்று தயங்கினால் ஒரு ஈடு இட்லிக்குக் கொஞ்சம் குழம்பு மட்டும் கேளுங்கள். எட்டரை, ஒன்பதுக்கு மேல் போனால் குழம்பு இருக்கும், குடல் இருக்காது.

யாரிடம், எப்படிக் கேட்பது

"இங்க நல்ல ஓட்டல் எது?" என்று மதுரையில் கேட்டால் உங்கள் உடுப்பைப் பார்த்து ஒரு ஏசி ஓட்டலைக் காட்டுவார்கள். மரியாதைக்காகச் செய்வதுதான், தப்பில்லை. உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் இப்படிப் பேசிக்கொள்வதில்லை. இட்லிக்கு ஒரு கடை, சுக்காவுக்கு ஒரு கடை, வடைக்கு ஒரு வண்டி என்று பண்டத்துக்குத் தகுந்த மாதிரிதான் கடை சொல்வார்கள். அதனால் பண்டத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்: "அண்ணே, இந்நேரத்துக்கு இட்லி எங்க சூடா இருக்கும்?" பதில் வேறு மாதிரி வரும். சில சமயம் "இப்ப வேணாம், அரை மணி கழிச்சுப் போங்க" என்றுகூட வரும். அப்படிச் சொன்னவரை நம்பலாம்.

கேட்க ஏற்றவர்கள், பக்கத்திலேயே வேலை பார்த்து அங்கேயே தினமும் சாப்பிடுகிறவர்கள். பூக்கடைக்காரர், மாசி வீதி ஜவுளிக்கடைப் பையன்கள், லாட்ஜில் ராத்திரி டியூட்டி பார்க்கிறவர். ஆட்டோக்காரரிடம் கேட்கலாம், ஆனால் ஏறி உட்காருவதற்கு முன் கேளுங்கள். ஏறிய பிறகு கேட்டால் கடை கொஞ்சம் தூரமாகிவிடும்.

வழிக்கு ஒரு குறிப்பு. மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள்: சித்திரை, ஆவணி மூலம், மாசி, அதற்கும் வெளியே வெளி வீதிகள். ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு உண்டு. "மாசி வீதியில இருக்கு" என்று யாராவது சொன்னால் எந்த மாசி என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் நான்கையும் நடக்கவேண்டியிருக்கும், பசியோடு.

மெஸ்ஸில் உட்காருவது

பன்னிரண்டரைக்குப் போய்விடுங்கள். ஒன்றரைக்குக் கூட்டம் உச்சத்தில் இருக்கும், இரண்டரைக்கு மேல் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். இலை போட்டதும் தண்ணீர் தெளித்து நீங்களே துடைத்துக்கொள்ள வேண்டும். குடிக்கத் தண்ணீர் பற்றிச் சந்தேகம் இருந்தால் "சுடுதண்ணி" என்று கேளுங்கள்; பெரும்பாலும் கிடைக்கும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இங்கே புதியவர்கள் ஏமாறுகிற ஒரு இடம் உண்டு. ஏமாற்றுகிறவர் யாரும் கிடையாது, நாமாக ஏமாறுவதுதான். சாதம் விழுந்த கையோடு ஒருவர் பெரிய தாம்பாளத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவார். அதில் கிண்ணம் கிண்ணமாக மட்டன் சுக்கா, ஈரல், மூளை, கோலா உருண்டை, மீன் வறுவல். "என்ன வைக்கட்டும்ணே?" என்பார். அது சாப்பாட்டோடு சேர்ந்தது இல்லை. தொட்டது எல்லாம் பில்லில் ஏறும். சாதம், கூட்டு, கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன்குழம்பு, ரசம், மோர் இதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கு; குழம்பில் துண்டு கிடக்காது, ருசி கிடக்கும். தாம்பாளத்தில் இருந்து எடுப்பது தனிக் கணக்கு. விலை கேட்டுவிட்டு எடுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, பக்கத்து இலைக்காரரும் கேட்பார். மதுரையில் வெறுமனே "கறி" என்றால் ஆட்டுக்கறி என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் தடவை என்றால் ஒரு சுக்கா, ஒரு கோலா போதும், இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். கோலா, கொத்துக்கறியும் பொட்டுக்கடலையும் சேர்த்து அரைத்து உருட்டிப் பொரித்தது. ஆறினால் கல்லாகிவிடும். அது வந்த உடனே சாதத்தைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

அயிரை மீன் குழம்பு இருக்கிறதா என்று உட்காரும்போதே கேட்டுவிடவேண்டும். விரல் நீளம்கூட இல்லாத ஆற்று மீன் அது. மழைக்குப் பிறகு ஆறு, கண்மாய்களில் தண்ணீர் வந்தால்தான் வரத்து இருக்கும், விலையும் கூடுதல். உயிரோடு வாங்கி, உப்புப் போட்டுச் சொரசொரப்பான மண்சட்டியில் உரசிக் கழுவி, பிறகு பாலில் விடுவார்கள். வயிற்றில் இருக்கிற மண்ணை அங்கே கக்கிவிடும். குடல் எடுக்காமல் முழு மீனாகவே புளிக்குழம்பில் போடுவதால், இந்த வேலையைப் பொறுமையாகச் செய்யாத கடையில் சாப்பிட்டால் பல்லில் நறநறக்கும். ஒரு வாய் வைத்ததுமே கடையின் யோக்கியதை தெரிந்துவிடும்.

முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள். எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டு வழக்கம் என்பார்கள். சில மெஸ்களில் இலையை நாமே எடுத்துப் போடவேண்டும். சுவரில் எழுதியிருக்கும், இல்லையென்றால் பக்கத்தில் எழுந்திருப்பவரைப் பாருங்கள்.

மூன்று மணி பள்ளம்

மூன்றிலிருந்து நாலரை வரை மதுரையில் சாப்பிடாதீர்கள். நான் பட்டது போதும். அந்த நேரத்தைத் திருமலை நாயக்கர் மகாலுக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற விளக்குத்தூண் பக்கம் வந்தால் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். கடல்பாசி என்ற பெயரைக் கேட்டுச் சைவர்கள் பின்வாங்க வேண்டாம், அது கடல் தாவரத்திலிருந்து எடுப்பதுதான். சின்ன கிளாஸே கனமாக இருக்கும். இதைச் சாப்பாட்டுக்கு முன் குடித்துவிட்டு, மெஸ்ஸில் பாதி இலையோடு எழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து மணிக்குத் தெருமுனைச் சட்டிகள் காயத் தொடங்கும். பருப்பு வடை, பஜ்ஜி எல்லா ஊரிலும் உண்டு. இங்கே தேடவேண்டியது முள்முருங்கை வடை. முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்து, மெல்லிசாகத் தட்டிப் பொரித்து, மேலே காரப்பொடி தூவிக் கொடுப்பார்கள். பச்சை நிறமாக இருக்கும். சளிக்கு நல்லது என்று கடைக்காரரே வைத்தியமும் சொல்வார்.

பருத்திப்பால் தள்ளுவண்டியில் வரும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டியோ வெல்லமோ, சுக்கு, தேங்காய்த் துருவல். கெட்டியாக, கஞ்சிக்கும் பாயசத்துக்கும் நடுவில் இருக்கும். முதல் வாயில் பிடிக்காமல் போகலாம். நாலாவது வாய்வரை பொறுத்துப் பாருங்கள்.

ராத்திரி

எட்டு மணிக்கு ஊரின் சத்தம் மாறும். கொத்துப் பரோட்டாவுக்குக் கரண்டி கல்லில் விழுகிற தாளம் அடுத்த தெருவரை கேட்கும். பரோட்டாக் கடையைத் தேர்ந்தெடுக்க என் சோதனை ஒன்றுதான்: கல்லில் இருந்து எடுத்த நாலைந்து பரோட்டாவை அடுக்கி, மாஸ்டர் இரண்டு உள்ளங்கையாலும் சுற்றிச் சுற்றி அடித்து நொறுக்குகிறாரா? அப்படியானால் மடிப்பு பிரிந்து வரும். ஏற்கனவே சுட்டு அடுக்கிவைத்ததைச் சூடு காட்டிக் கொடுக்கிற கடையில் இந்தச் சத்தம் இருக்காது. உட்கார்ந்ததும் சப்ளையர் "பிச்சுப் போடவாண்ணே?" என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள். சால்னா மொண்டு மொண்டு ஊற்றுவார், அதற்குக் காசு கிடையாது. கூட ஒரு கரண்டி ஆம்லெட் சொல்லுங்கள். குழிக்கரண்டியில் முட்டையை ஊற்றி அடுப்பில் காட்டிச் சுடுவது, பஞ்சு மாதிரி வரும்.

கறி தோசையைப் பரோட்டாவோடு ஒரே ராத்திரியில் சேர்க்கவேண்டாம். சிம்மக்கல் கோனார் மெஸ் இதற்குப் பேர்பெற்ற இடம். வேறு பல கடைகளிலும் உண்டு. முடிந்தால் கல் தெரிகிற மாதிரி உட்காருங்கள். முதலில் தடிமனாக ஒரு தோசை. அது வேகும்போதே மேலே முட்டையை உடைத்து ஊற்றிப் பரப்புவார். முட்டை இறுகுவதற்குள் மிளகு தூக்கலான கொத்துக்கறியை அள்ளிப்போட்டுக் கரண்டியால் அழுத்துவார். ஓரத்தில் எண்ணெய் விட்டு, ஒரே வீச்சில் திருப்புவார். கறி கல்லில் பட்டு ஓரம் கருகுகிற அந்த அரை நிமிடம்தான் விஷயம். ஒன்று வாங்கினால் புதியவர்கள் இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

ராத்திரி பதினொரு மணிக்கும் ஆவி பறக்கிற இட்லி மதுரையில் கிடைக்கும், அதனால் பட்டினி கிடக்க மாட்டீர்கள். அரை நாள் இருந்தால் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அழகர் கோவிலுக்குப் போய் வாருங்கள். அங்கே பிரசாத ஸ்டாலில் தோசை விற்கிறார்கள். நம் வீட்டுத் தோசையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்: தோல் எடுக்காத உளுந்து, அரிசி, மிளகு, சீரகம் எல்லாம் போட்டு நெய்யில் பொரித்த தடித்த பண்டம். சட்னி கிடையாது, தேவையும் படாது. கோவில் பிரசாதத்தை எந்த ஊரிலும் சாப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால்: தெற்கே

மதுரையிலிருந்து திருநெல்வேலி சுமார் 160 கிலோமீட்டர். இந்த வழியில் ஊருக்கு ஒரு பண்டம். விருதுநகரில் எண்ணெயில் பொரித்த பரோட்டா, சாத்தூரில் காரச்சேவும் வெள்ளரிப் பிஞ்சும், கோவில்பட்டியில் கடலை மிட்டாய். கொஞ்சம் மேற்கே விலகினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. எந்த ஊரில் எதைத் தேடுவது என்று தெரியாவிட்டால் புவிசார் குறியீடு வாங்கிய பண்டங்களின் பட்டியலைப் பாருங்கள். பால்கோவாவுக்கு 2019இல் கிடைத்தது, கடலை மிட்டாய்க்கு 2020இல், உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல். அந்தப் பெயரை எந்த பஸ் ஸ்டாண்டிலும் அச்சடித்து விற்பார்கள் என்பதால், பாக்கெட்டில் தயாரிப்பாளரின் ஊர் என்ன என்று படியுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கவேண்டும்.

இங்கேயும் மணிதான். கிளம்புவதைக் கணக்குப் பண்ணி, மாலை நாலரைக்குத் திருநெல்வேலி டவுனில் இருங்கள். நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே அல்வாவுக்குப் பேர்பெற்ற இருட்டுக்கடை ஐந்து மணி வாக்கில்தான் திறக்கும், சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்துவிடும், வரிசை அதற்கு முன்பே நின்றுவிடும். ஒருமுறை மத்தியானமே போய்ச் சேர்ந்து, காத்திருக்கப் பொறுமை இல்லாமல், ஒரு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெயர் கிட்டத்தட்ட அதே மாதிரி இருந்த கடையில் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் திறந்தால் பிசின் மாதிரி பல்லில் ஒட்டியது. நல்ல அல்வாவைச் சூடாகக் கையில் வாங்கினால் மெல்லவே வேண்டியதில்லை. கோதுமைப் பாலும் நெய்யும் வழுக்கிக்கொண்டு இறங்கும், விரலில் நெய் மட்டும் மிஞ்சும். அதனால் முதலில் அங்கேயே நின்று சாப்பிடக் கொஞ்சம், அப்புறம் பார்சல்.

கோடையில் போனால் இன்னொன்று. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற பக்கமெல்லாம் காலையில் பதநீர் விற்பார்கள். பனை ஓலைப் பட்டையில் ஊற்றி, நுங்கு வெட்டிப் போட்டுத் தருவார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால்தான் அது புளிக்காமல் இனிப்பாக இருக்கிறது. ஆனாலும் வெயில் ஏறிவிட்டால் ருசி மாறும், பத்து மணிக்கு மேல் வேண்டாம்.

ஒன்று மட்டும் கடையில் தேடிக் கிடைப்பது கடினம்: திருநெல்வேலிச் சொதி. தேங்காய்ப் பாலில் காய்கறி போட்டு, இஞ்சித் துவையலோடு பரிமாறுவது; சைவ வேளாளர் கல்யாணங்களில் மறுவீட்டுச் சாப்பாடு அது. ஓட்டல் பலகையில் எப்போதாவது பார்க்கலாம். உங்கள் ஆபீஸில் திருநெல்வேலிக்காரர் யாராவது இருந்தால் அவரிடம் இப்போதே நட்பாக இருப்பது நல்லது.

கட்டிக்கொண்டு போவது

பால்கோவாவைக் கடைசி நாள் வாங்குங்கள், வெயிலில் நெடுநேரம் தாங்காது. அல்வா சில நாட்கள் இருக்கும்; பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் நெய் பைக்குள் இறங்கிவிடும், அதனால் தனியாக ஒரு கவர் போடுங்கள். காரச்சேவு, கடலை மிட்டாய் எப்படி வைத்தாலும் கெடாது, காற்று மட்டும் படக்கூடாது. தூத்துக்குடி வரை போய் மக்ரூன் வாங்குகிறவர்கள் பிளாஸ்டிக் கவரில் வாங்காதீர்கள். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த பண்டம், தொட்டாலே உடையும். அட்டைப் பெட்டியில் போடச் சொல்லி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.